தூணடியும் தொட்டியடியும்

உடுப்புத் தோய்க்கிற கல்லடியில் சறுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்ட அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நோவில் கல்லைக் கட்டிப்பிடித்தபடி குந்தியிருந்தவள், அதன் கீழ்ப்பக்கத்தில் உளி இழுத்த கோடுகளைக் கண்டேன். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், ஆரோ பொறுமைக்காரர் இழுத்த கோடுகள். அன்றைக்குத்தான் அந்தக் கல்லை முழுசாகப் பார்த்தேன். நாலு பட்டையாகச் செதுக்கிய தூண் ஒன்றின் பாதி. ஒரு வருசமாக அதன் மேல்தான் எங்கள் வீட்டு ஊத்தை எல்லாவற்றையும் அடித்துத் துவைத்திருக்கிறேன்.

"அண்ணை, இந்தக் கல்லை எங்கால எடுத்தனீங்கள்?"

காணிக்கார அண்ணை மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். எழுபதுகளில் மலைநாட்டில் இருந்து வந்து, ஒட்டுசுட்டான் பக்கம் காடு வெட்டிக் காணியாக்கினவர். இருபது வருசம் வன்னியில் இருந்தும் பேச்சில் தேயிலைத் தோட்டம் போகவில்லை.

"அதுங்களா? கொளத்துக்கு அந்தாண்ட காட்டுக்குள்ள கெடந்திச்சு. ஒழவு மெசின்ல கட்டி இழுத்தாந்தேன். இன்னும் நாப்பது அம்பது கெடக்கும் டீச்சரம்மா. ஒண்ணு வேணுமா?"

நாற்பது ஐம்பது தூண்! எனக்கு முழங்கால் நோ மறந்துபோயிற்று.

கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து வந்து, அண்ணையின் வளவுக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். நான் ஏ.எல். பாஸ் பண்ணி, பல்கலைக்கழகக் கடிதமும் கையில் வந்து, பயண அனுமதிப் பாஸ் கிடைக்காமல் வவுனியாவுக்கு அங்கால் போக முடியாமல் கிடந்தேன். சும்மா கிடக்க ஏலாது என்று பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்து, மரத்துக்குக் கீழே பத்தாம் வகுப்புக்குச் சரித்திரம் படிப்பித்தேன். ஒல்லாந்தர் கோட்டை என்று சொன்னால் பிள்ளைகள் "ஓம் ரீச்சர்" என்பார்கள். ஒருத்தரும் ஒரு கோட்டையையும் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கண்டதில்லை.

அன்றிரவே கொப்பியில் கீறினேன். காலையில் காட்டுக்குள் தூண்கள். மத்தியானம் வற்றாப்பளைக் கோயிலடியில் சாப்பாடு. பின்னேரம் முல்லைத்தீவுப் பட்டினம், ஒல்லாந்தர் கோட்டை, வெள்ளைக்காரன் காலத்து அரசாங்கக் கச்சேரிக் கட்டடம். பொழுதுபடத் திரும்பி வரலாம். வழி சொல்ல நான் இருக்கிறேன். கொப்பியில் எல்லாம் லேசாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூட அதிபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை, சனம் சட்டி பானையோட ஓடித் திரியுது. நீர் சுற்றுலா எண்டுறீர்."

"சுற்றுலா இல்லை சேர். களப்பயணம்."

"பேரை மாத்தினா மெசின் எண்ணெய் குடிக்காதோ?" என்றார். ஆனாலும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பட்டினத்துக்குள் போக அனுமதித் துண்டு வேணும். தொண்ணூறில் அந்த ஊர்ச் சனம் எழும்பி ஓடின பிறகு பட்டினம் முழுக்க ஆமி முகாமாக இருந்தது. இயக்கம் முகாமை அடித்துப் பிடித்து இரண்டு வருசமாகியும், கண்ணிவெடி எடுத்த இடங்களுக்கு மட்டுந்தான் ஆட்களை விட்டார்கள். துண்டு எடுக்கிற கதை எப்படியோ வேலியைத் தாண்டிப் பக்கத்துக் கொட்டிலுக்குப் போய்விட்டது. அங்கே இருந்தவ ஒரு முல்லைத்தீவுக் கடற்கரைக்கார அக்கா. வேதக்காரக் குடும்பம். புருசன் வற்றாப்பளைப் பக்கம் களப்பில் கூலிக்கு இறால் பிடிக்கப் போனால் மாசத்துக்கு ஒருக்கால் வருவார். அக்கா அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு வேலியடியில் வந்து நின்றா.

"பிள்ளை, பட்டினத்துக்கும் போறியளாம்?"

"ஓம் அக்கா."

"என்னையும் ஏத்துவியளோ?"

பிறகுதான் முழுக் கதையையும் சொன்னா. பட்டினத்தில் அவாவுக்குக் கல்வீடும் ஒன்றரைப் பரப்புக் காணியும் இருந்தது. எழும்பி ஓடினபோது காணி உறுதிப் பத்திரம் மழையில் நனைந்து கூழாகிப் போயிற்று. இப்போது கொஞ்சக் குடும்பங்கள் திரும்பிப் போய் வேலி போடத் தொடங்கிவிட்டார்கள். உறுதி இல்லாதவர்கள் மாரி மழைக்கு முதல் காணியின் நாலு மூலையையும் அடையாளம் காட்டிக் கட்டை நட்டால் பதிவோம், இல்லாவிட்டால் பிறகு பார்ப்போம் என்று காணிக் குழு சொல்லியிருந்தது. பிறகு என்றால் அதற்குள் வேறு ஆட்கள் வேலி போட்டிருப்பார்கள்.

"ரெண்டு தரம் துண்டுக்குப் போனனான். 'காணி எங்கை எண்டு சரியாச் சொல்லுங்கோ, உள்ள விடுறம்' எண்டினம். உள்ள விட்டாத்தானே எங்கை எண்டு சொல்லலாம்?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் வாக்குக் கொடுக்கிற பழக்கமும் எனக்கு இருந்தது.

"நான் கண்டுபிடிச்சுத் தாறன் அக்கா. இடிஞ்சதுகளைப் பாத்து வீடு எங்கை, வாசல் எங்கை எண்டு சொல்லுறதுதானே எங்கட பாடம்."

துண்டில் இப்படி எழுதினேன்: ஆசிரியை ஒருவர், மாணவர் பன்னிரண்டு பேர், சாரதி ஒருவர், சமையல் உதவி ஒருவர்.

அண்ணையின் உழவு மெசின் மண்ணெண்ணெயிலும், கூடக் கலந்த சமையல் எண்ணெயிலும் ஓடுகிற காலம் அது. ஓடும்போது பின்னால் வருகிறவனுக்குப் பலகாரம் சுடுகிற மணம் போகும். ஆவணி மாசத்துச் சனிக்கிழமை விடியக் காலை ஆறு மணிக்கு அதை இயக்கத் தொடங்கி, ஏழேகாலுக்குத்தான் அது இயங்கியது. அதற்குள் நான் மெசினின் பின் பெட்டியில் ஏறி நின்று வன்னியின் பழைய சரித்திரத்தைச் சொல்லி முடித்திருந்தேன். அக்கா புட்டுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தா. நல்ல சேலை கட்டியிருந்தா. சமைக்க வந்த ஆள் மாதிரி இல்லை.

குளக்கட்டு முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அண்ணை மெசினை நிப்பாட்டினார். பாதை ஓரத்தில் ஒரு பாலை மரம். அடியில் ஒரு கல்லும், அதைச் சுற்றிக் காய்ந்ததும் பச்சையுமாகக் கொப்புகளின் குவியலும்.

"எல்லாரும் எறங்குங்க. ஆளுக்கு ஒரு கொப்பு முறிச்சுப் போட்டுட்டுத்தான் உள்ள போறது. ஆனை இருக்கு."

"அண்ணை, நேரம் போகுது. ஒருத்தர் எல்லாருக்குமாப் போட்டாக் காணாதோ?"

"ஆனை எல்லாருக்குமாச் சேத்து ஒருத்தர மிதிக்குமா டீச்சரம்மா? ஆளாளுக்குத்தானே மிதிக்கும்."

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவா கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு ஒரு கொப்பை முறித்தா.

"நான் வேதம் எண்டு யானைக்குத் தெரியாதுதானே," என்றா. அன்று காலை அவா சொன்ன ஒரே பகிடி அதுதான்.

தூண்கள் இருந்தன. அண்ணை சொன்னது போல நாற்பது ஐம்பது இல்லை, இருபத்தாறு. பாதி நிலத்தில் விழுந்து பற்றைக்குள் கிடந்தன. நின்றவையும் காற்றில் சாய்ந்த வேலிக்கட்டைகள் மாதிரி ஒவ்வொன்று ஒவ்வொரு பக்கம் பார்த்தன. நான் நினைத்திருந்தது போல நெஞ்சு ஒன்றும் அடைக்கவில்லை. நுளம்பு கடித்தது. ஆனாலும் விடவில்லை.

"விழுந்ததைப் பாக்காதையுங்கோ. நிண்ட இடத்தைப் பாருங்கோ. ஒரு தூணில இருந்து மற்றத் தூணுக்கு எட்டு வையுங்கோ."

எட்டு வைத்தோம். நாலு எட்டுக்கு ஒரு தூண். நாலு எட்டில் தூண் இல்லாத இடத்தில் தடியால் மண்ணைக் கிண்டினால் தூண் நட்ட குழிக் கல் தட்டுப்பட்டது. பிள்ளைகளுக்கு அது பிடித்துக்கொண்டது. ஒருத்தி எட்டு வைத்து நிற்பாள், மற்றவள் கிண்டுவாள், கல் தட்டினால் எல்லாரும் கூவுவார்கள். இப்படியே மண்டபத்தின் முழு அளவையும் நிலத்தில் கீறினோம். வாசல் படியில் கதவுக் குடுமி சுழன்ற குழி இருந்தது. அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் வீட்டின் உள்பக்கம் என்று சொன்னேன். அக்கா குனிந்து அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தா.

வகுப்பில் எப்போதும் கேள்வி கேட்கிற ஒரு வாயாடிப் பிள்ளை கை தூக்கினாள்.

"ரீச்சர், இது ஆர் கட்டினது?"

"தெரியாது."

"ராசாவோ?"

"தெரியாது."

"சோதினையில கேட்டா என்ன எழுதுறது?"

"கேக்க மாட்டினம்," என்றேன். அந்தப் பதிலைச் சொல்லும்போதுதான் முதல் தடவை களைப்பு வந்தது. இன்னும் ஒன்பது மணிகூட ஆகியிருக்கவில்லை.

ஒன்பதுக்கு வெளிக்கிட வேண்டிய நாங்கள் பதினொன்றுக்குத்தான் காட்டை விட்டு வந்தோம். பிழை என்னுடையதுதான். மண்டபத்துக்குப் பின்னால் இன்னொரு மண்டபம் இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். இருக்கவில்லை. அக்கா இடைக்கிடை கையை நெற்றியில் வைத்து வெயிலைப் பார்த்தா, அவ்வளவுதான். கடற்கரை ஆட்கள் மணிக்கூடு இல்லாமலே நேரம் பார்ப்பார்கள்.

முள்ளியவளைக்குக் கிட்டப் போகையில் மெசின் இருமியது, பிறகு நின்றது. எண்ணெய்க் குழாயில் அடைப்பு. அண்ணை குழாயைக் கழற்றி வாயால் ஊதினார், துப்பினார், திரும்பவும் ஊதினார். நிழல் இல்லை. போத்தல் தண்ணீர் முடிந்தது. பிள்ளைகள் பெட்டிக்குக் கீழே புகுந்து படுத்துக்கொண்டார்கள். நான் வீதியில் அங்கும் இங்கும் நடந்தேன். சரித்திரம் சொல்ல வாய் வரவில்லை.

"டீச்சரம்மா, கொப்பு போட்டீங்களா?" என்று அண்ணை குழாயில் இருந்து வாயை எடுக்காமலே கேட்டார்.

"போட்டனான்."

"பாத்தேன். எலைதான் போட்டீங்க. கொப்பு இல்ல."

உண்மை. அவசரத்தில் ஒரு இலையைக் கிள்ளிப் போட்டிருந்தேன்.

வற்றாப்பளையில் மர நிழலில் புட்டும் சம்பலும் சாப்பிட்டபோது ஒன்றரை. அக்கா எல்லாருக்கும் போட்டுவிட்டுத் தான் சாப்பிடவில்லை. பட்டினத்து வாசலில் காவல் நின்றவரிடம் துண்டைக் கொடுத்தபோது இரண்டே முக்கால். நாலு மணிக்குள் வெளியே வந்துவிட வேணும் என்று துண்டில் எழுதியிருந்தது. அவர் ஆட்களை எண்ணினார். அக்காவில் வந்து நிறுத்தினார்.

"சமையல் உதவி எதுக்கு?"

"சமைக்க," என்றேன்.

"சாப்பிட்டாச்சோ?"

"ஓம்."

"அப்ப உள்ளுக்கு எதுக்கு?"

நான் வாயைத் திறக்க முதல் அக்கா சொன்னா: "சட்டி கழுவ."

அவர் சட்டியைப் பார்த்தார், அக்காவின் சேலையைப் பார்த்தார், கடைசியில் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். "சீலை கட்டின கம்புகளுக்கு அங்கால வெடி இன்னும் எடுக்கேல்லை, ஒரு அடியும் வைக்கப்படாது. விளங்கிச்சோ?"

பட்டினம் என்று நான் கொப்பியில் கீறி வைத்திருந்த ஒன்றும் அங்கே இல்லை. ஒழுங்கைகள் இல்லை. ஆமிக்காரர் வீடுகளை இடித்துக் கல்லை முகாமின் காவல் அணைகளுக்கு அள்ளியிருந்தார்கள். பிறகு அந்த அணைகளும் சிதறி, எல்லாம் ஒரே மண்ணும் கல்லுமாக மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. தலையில்லாத தென்னைகள். ஒல்லாந்தர் கோட்டை என்பது ஒரு திடல், அதன் மேல் எருக்கலை. கச்சேரிக்கு ஒரு சுவர் மிச்சம். காலையில் பார்த்த தூண்களாவது எந்தக் காலத்திலோ விழுந்தவை என்று சொல்லலாம். இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? முந்நூறு வருசம் நின்ற பட்டினம் என்று தொடங்கி, அந்த வசனத்தை முடிக்காமல் விட்டேன்.

அக்கா முன்னால் போய்விட்டா. வேதக்கோயில் மணிக்கூண்டில் பாதி நின்றது. அதில் இருந்து மூன்றாம் ஒழுங்கை என்று அவா வழி முழுக்க மனதில் எண்ணிக்கொண்டு வந்திருக்க வேணும். மணிக்கூண்டடியில் நின்று கை நீட்டினா, நடந்தா, திரும்பி வந்தா, வேறு பக்கம் கை நீட்டினா. ஒழுங்கையே இல்லாத இடத்தில் மூன்றாம் ஒழுங்கையை எப்படி எண்ணுவது? கிணறு இருந்த இடம் என்று ஒரு பள்ளத்தைக் காட்டினா. அது குண்டு விழுந்த பள்ளம் என்று அண்ணை சொன்னார். நான் போய் உதவியிருக்க வேணும். அதற்குத்தானே வாக்குக் கொடுத்தேன். ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு சுவர் கிடைத்துவிட்டது.

மண்ணுக்குள் இடுப்பளவு தாழ்ந்து நின்ற ஒரு பெட்டி போன்ற கட்டடம். சுவர் இரண்டு சாண் தடிப்பு. முருகைக்கல்லும் சுண்ணாம்பும், துளி சீமெந்து இல்லை. கூரை இல்லை, சுவருக்கு மேலே உக்கிப்போன மண்மூட்டைகள். எனக்குக் களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

"ஓடியாங்கோ! இதுதான் ஒல்லாந்தற்ற கட்டு வேலை. சுண்ணாம்பைப் பாருங்கோ. கல்லைப் பாருங்கோ. இவ்வளவு தடிப்பாச் சுவர் கட்டி, யன்னலும் இல்லாம விட்டிருக்கு எண்டா என்னத்துக்கு? வெடிமருந்துக் கிடங்கு. மருந்து ஈரமாகாம இருக்கத்தான் அந்தச் சின்ன ஓட்டை, காத்துப் போக."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நானும் என் கொப்பியில் எழுதினேன், கீழே இரண்டு கோடும் போட்டேன். இருபது நிமிசம் அந்தக் கிடங்கைப் பற்றிப் பேசினேன். இப்போது நினைத்தாலும் அந்த இருபது நிமிசந்தான் உறுத்துகிறது.

வாயாடிப் பிள்ளை கிடங்குக்குள் இறங்கி அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ரீச்சர்."

"என்ன?"

"ஒல்லாந்தரும் சோடா குடிச்சவையோ?"

"பகிடியை விடும்."

"பகிடி இல்லை ரீச்சர். ஓட்டைக்குள்ள சோடாப் போத்தில் கழுத்து வைச்சுப் பூசியிருக்கு."

குனிந்து பார்த்தேன். பச்சைக் கண்ணாடிக் கழுத்து ஒன்று சுண்ணாம்புக்குள் நன்றாகப் பதிந்து, வாய் கடல் பக்கம் பார்த்தபடி இருந்தது. பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். பிள்ளையின் குரல் அங்கேயும் கேட்டிருக்க வேணும்; தூரத்தில் நின்ற அக்கா சட்டியையும் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தா. நாற்பது வயசு அக்கா அப்படி ஓடுவா என்று நான் நினைக்கவில்லை.

"சோடாப் போத்திலோ? எந்தப் பக்கம் பாக்குது?"

"கடல் பக்கம்."

அவா கிடங்குக்குள் இறங்கி முழந்தாளில் இருந்தா. கண்ணாடிக் கழுத்துக்குள் சுட்டுவிரலை விட்டா. காலையில் குடுமிக் குழிக்குள் விட்ட மாதிரியே. பிறகு சுவரில் நெற்றியை வைத்தா.

"இது எங்கட தொட்டி," என்றா. "கருவாட்டுக்கு மீன் உப்புப் போடுற தொட்டி. மாமா கட்டினவர். உப்புத் தண்ணி வடிய அந்தப் போத்தில் கழுத்தையும் அவர்தான் வைச்சவர். தகரக் குழாய் எண்டா உப்புத் தின்னுமெண்டு."

"கல்லு...?" என்றேன் நான்.

"கோட்டைக் கல்லுத்தான் பிள்ளை. ஊரில ஆர் காசு குடுத்துக் கல்லு வாங்கினவை? எல்லாரும் கோட்டையிலதானே அள்ளினவை."

அண்ணை முதலில் சிரித்தார். பிறகு பிள்ளைகள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நானும். ஒரு தமிழ்க் கடற்கரைக் குடும்பம் மீன் உப்புப் போட்ட தொட்டியை ஒல்லாந்தனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நின்றேன். ஆனால் கடிகாரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று இருபது.

"அக்கா, தொட்டியில இருந்து வீட்டுக்கு எத்தினை எட்டு?"

அவா எழும்பி நின்று யோசித்தா. "குசினிப் படிக்கு ஏழு எட்டு. இல்லை அஞ்சு. மீன் கடகத்தோட எண்டா ஏழு, வெறுங்கையோட எண்டா அஞ்சு."

"அப்ப கடகத்தோட நடவுங்கோ."

கடகம் ஏது? பிள்ளைகள் புட்டுச் சட்டிக்குள் கல்லை அள்ளிப் போட்டு நிரப்பினார்கள். அக்கா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டியின் மேற்கு விளிம்பில் நின்றா. கண்ணை மூடினா. நடக்கத் தொடங்கினபோது அது எங்களோடு மெசின் பெட்டியில் வந்த அக்காவின் நடை இல்லை. ஒரு பக்கம் இடுப்பைத் தள்ளி, குதிக்கால் மண்ணில் அழுந்த, வேகமாக நடக்கிற வேறு ஒரு ஆள். ஏழாவது எட்டில் நின்றா.

"இதில."

தென்னோலையால் மேல் மண்ணைக் கூட்டினோம். நாலு விரல் ஆழத்தில் சிவப்புச் சீமெந்து தெரிந்தது. குசினிப் படி. அதன் ஓரத்தில் அம்மி வைத்திருந்த வெள்ளை வட்டம்.

பிறகு எல்லாம் ஓட்டந்தான். காலையில் தூண் தேடின அதே பிள்ளைகள், அதே எட்டுகள். குசினிப் படியில் இருந்து கிணற்றடி, கிணற்றடியில் இருந்து வேலி. அக்கா சட்டியோடும் சட்டி இல்லாமலும் நடந்தா. எட்டுத் தவறினால் திரும்பிப் போய்த் தொடங்கினா. தென்மேற்கு மூலையில் ஒரு பூவரசங் கட்டை கருகின அடியில் இருந்து துளிர்த்திருந்தது. பழைய வேலிக் கதியால். தான் நட்டது என்று அக்கா சொன்னா. அந்த மூலையில் வேறு அடையாளம் தேவைப்படவில்லை. இரண்டாவது மூலை, மூன்றாவது மூலை. ஒவ்வொன்றிலும் முருகைக்கல்லைக் குவித்து வைத்தோம்.

நாலாவது மூலைக்கு நடக்கும்போது அக்கா சீலை கட்டின கம்பில் வந்து நின்றா.

கம்புகள் காணிக்குள்ளால் ஓடின. காணியின் வடகிழக்குத் துண்டு, ஒரு பத்துப் பன்னிரண்டு எட்டு, அங்கால் பக்கம் கிடந்தது. நாயுருவி வளர்ந்து, பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லாத அதே மண்.

"அதில முருங்கை நிண்டது," என்றா. "முருங்கையடிதான் மூலை. பன்னிரண்டு எட்டு."

அவாவின் ஒரு கால் எழும்பினதை நான் கண்டேன். அண்ணையும் கண்டிருக்க வேணும்.

"வேணாங்க அக்கா," என்றார் மெதுவாக. "காணி ஓடாது."

"காணி ஓடாது. வேலி ஓடி வருமே."

ஆனாலும் காலை வைத்துவிட்டா, இந்தப் பக்கமே. வாசலில் இருந்து விசில் ஊதியது. நாலு மணி.

திரும்பி வரும் வழியில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நித்திரை. என் ஆறாத முழங்கால் புண்ணில் மண் போய் எரிந்தது. கண்ணை மூடினால் சுவரும் தூணும் மாறி மாறி வந்தன. அக்கா மட்டும் நித்திரை கொள்ளவில்லை. சட்டிக்குள் கிடந்த கற்களை அவா கொட்டவில்லை என்று அப்போதுதான் கண்டேன். முருகைக்கல் ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்துத் திரும்பவும் சட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தா.

"மூண்டு மூலை காட்டினாப் பதிவினமோ பிள்ளை?"

காலையில் என்றால் ஓம் என்று உடனே சொல்லியிருப்பேன். "தெரியாது அக்கா," என்றேன். அன்றைக்கு மூன்றாம் தடவை.

"தொட்டியை நான் பாக்காமப் போயிருந்தா," என்று தொடங்கினா. பிறகு, "உம்மட பிள்ளை சோடாப் போத்திலைக் காணாமப் போயிருந்தா," என்று திருத்தினா. என்னுடைய இருபது நிமிசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

குளக்கட்டில் மெசினை மெதுவாக விட்டபடி அண்ணை ஒரு பூவரச மரத்தைக் காட்டினார். "கையி தடிப்புக்கு நூறு கம்பு வெட்டலாம். மழ தொடங்கறப்ப நட்டா ஒரு மாசத்துல வேர் புடிச்சுரும். கல்லுக் குமிய யாராச்சும் தட்டிருவாங்க. வேர் புடிச்சத தட்ட ஏலாது."

"அதுக்கும் துண்டு வேணும்," என்றேன். "வேலி போடப் போறம் எண்டு கேட்டா, முதல் நாலு மூலையும் காட்டு எண்டுவினம்."

"நீங்கதான் டீச்சரம்மா. படிச்சவுங்க."

அந்தக் கிழமை முழுக்க எனக்குக் காய்ச்சல். மலேரியா இல்லை, வெயில். பாயில் கிடந்தபடி கொப்பியில் வெடிமருந்துக் கிடங்கின் கீழ்ப் போட்ட இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெட்டவில்லை. அதன் பக்கத்தில் கருவாட்டுத் தொட்டி, உப்புத் தண்ணி கடல் பக்கம் வடியும், குசினிக்கு ஏழு எட்டு என்று எழுதினேன். பிள்ளைகளின் கொப்பிகளிலும் திருத்த வேணும்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமைக்குத் துண்டு கேட்டுக் கடிதம் எழுத இருந்தேன். ஆசிரியை ஒருவர். மாணவர் பன்னிரண்டு பேர். சாரதி ஒருவர். சமையல் உதவி ஒருவர். காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, பாடசாலை மரநடுகை என்று எழுதினேன். பூவரசு மரந்தானே. கண்ணிவெடி எடுக்கிறவர்களுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதி, கருவாட்டுத் தொட்டிக்கு வடகிழக்கே பன்னிரண்டு எட்டுத் துண்டை முதலில் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். அதிபர் இதற்கும் கையெழுத்துப் போடுவாரோ தெரியாது.

அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றா.

"எத்தினை கதியால் எழுதியிருக்கிறீர்?"

"மூண்டு மூலைக்கும் அறுபது காணும் எண்டு அண்ணை சொன்னவர்."

அவா யோசிக்கவே இல்லை. "எம்பது எண்டு எழுதும் பிள்ளை," என்றா. "முருங்கையடிப் பக்கத்துக்கும் சேத்து வெட்டிக்கொண்டு போவம்."

அறுபதை வெட்டி எண்பது என்று எழுதினேன்.